“இதையே தொழிலா பண்ணலாமே!” - கேட்டுச் சூடுபட்டவர்கள் வாருங்கள்

சாக்பவுடர்:

கூட்டுறவு வங்கியில் எனக்குக் கணக்கர் வேலை. பதினோரு வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன். பக்கத்துத் தெரு மாமி ஒருவர் சனிக்கிழமைகளில் நடத்திய வகுப்பில் கற்றது. எங்கள் பூஜை அறையில் இருக்கும் தவழும் கிருஷ்ணனை முடிக்க ஏழு மாதம் ஆனது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் முன்னால் நின்று ஒரே வசனம்தான் பேசுவார்கள். தலைப்பில் போட்டிருக்கிறேனே, அதுதான்.

போன வருடம் ஆசை யாரை விட்டது, இறங்கிப் பார்த்தேன். அலுவலகத் தோழி தன் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு கஜலட்சுமி கேட்டார். 18க்கு 24 அங்குலம். கார்த்திகையில் விசேஷம், கையில் இரண்டு மாதம்.

அதுவரை மக்கு போடுவது எனக்குத் தியானம் மாதிரி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பலகையில் துணி ஒட்டி, படம் வரைந்து, கற்களைப் பதித்துவிடுவோம். அப்புறம் சாக்பவுடரையும் பசையையும் குழைத்து நகை, தூண், பிரபை (சாமியைச் சுற்றி வரும் வளைவு) வரவேண்டிய இடங்களை மேடாக்குவோம். அதுதான் மக்கு. அது காய்ந்தபின் 22 காரட் கோல்டு ஃபாயில் ஒட்டி, கடைசியில் வண்ணம். காயாமல் எதையும் தொட முடியாது.

ஐப்பசி மழையில் எது காயும்? என் சொந்தப் படமாக இருந்தால் பழைய வேட்டியால் மூடி வைத்துவிட்டு, தை பிறந்ததும் எடுத்திருப்பேன். இதற்கு ஃபேனைப் போட்டுவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பிரபையின் குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அடுத்த நாள் அது மூன்றாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தஞ்சாவூர் போனேன். பரம்பரையாக இந்த வேலை செய்கிற ஒரு பெரியவர் வீடு. ஒரே அளவில் நான்கு ராமர் பட்டாபிஷேகம் சுவரில் சாய்ந்து நின்றன, நான்கும் வெவ்வேறு கட்டத்தில். மருமகள் கல் ஒட்டிக்கொண்டிருந்தார். தம்பி மகன் பின்னணிக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் பெரியவருடைய கை.

நான் கண் திறப்பதென்றால் விடியற்காலையில் குளித்துவிட்டு, வீட்டில் யாரும் எழுவதற்குமுன் உட்காருவேன். கை நடுங்கினால் அன்றைக்கு வேண்டாம் என்று எழுந்துவிடுவேன். அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, பிளைவுட் கடைக்காரரிடம் பேரம் பேசியபடியே சீதைக்குக் கண் திறந்துகொண்டிருந்தார். இடது கண், வலது கண். “நூத்தம்பது ரூபா கொறச்சுக்க” என்றார். சீதை என்னைப் பார்த்தாள். நெஜமாகவே பார்த்தாள்.

என் படத்தை மொபைலில் காட்டினேன்.

“நல்லாத்தான்மா இருக்கு. மக்குல பசை சரியில்ல. சுரண்டிட்டு மறுபடி போடு.”

“ரெண்டு வார வேலை ஐயா அது.”

“ஆமா” என்றார். அவ்வளவுதான். ஆறுதலும் இல்லை, திட்டும் இல்லை.

விடாமல், “இத்தனை வருஷத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “போன மாசம் பாலக்காட்டுக்கு ஒரு குருவாயூரப்பன் போச்சு. மூணே நாள்ல பணம் வந்துருச்சு” என்றார். முதலில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, நான் கேட்டதுதான் பொழுதுபோக்குக்காரியின் கேள்வி என்று பட்டது.

சுரண்டினேன். விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரி கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்கர் புத்தி விடுமா? பலகை, ஃபாயில், கல், ஃபிரேம் எல்லாம் போகக் கையில் நின்றது 4,300 ரூபாய். வேலை செய்தது ஏறக்குறைய 140 மணி நேரம். நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

ஆரிஊசி:

அக்கா, உங்களுக்குச் சாமி, எனக்கு மணப்பெண்! தங்கை கல்யாணத்துக்கு ஆசையாக ஒரு ப்ளவுஸுக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) போட்டேன். மண்டபத்திலேயே மூன்று பேர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஆடியில் கல்யாணம் கிடையாதே, ஓய்வுதானே என்பார்கள். ஆவணிக்கான ப்ளவுஸ் முழுக்க ஆடியில்தான் வந்து குவியும். கூழ் ஊற்றுவதற்கு அம்மா வீட்டுப் பக்கம் போயே நாலு வருடம் ஆகிறது.

என் சூடு இது: இரண்டு கையிலும் மயில். ஒன்று இந்தப் பக்கம் பார்த்தால் மற்றது அந்தப் பக்கம் பார்க்கணும். டிரேசிங் பேப்பரைத் திருப்பிப்போட மறந்துவிட்டேன். இரண்டு மயிலும் ஒரே திசையில் நிற்கின்றன! கவனித்தது புதன் ராத்திரி, வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஆரி சங்கிலித் தையல்தானே, முடிச்சை வெட்டி நூல் நுனியை இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். நான்கு நாள் வேலை பத்து நிமிஷத்தில் என் மடியில் நூலாகக் கிடந்தது. ஆனால் பட்டில் ஊசி ஓட்டை போகாது. அந்த ஓட்டைகளை மறைக்க மயிலைச் சுற்றிக் கூடுதலாக மாங்காய் போட்டேன். பெண்ணின் அம்மா வந்து பார்த்துவிட்டு, “மாங்காய் கேட்கவே இல்லையே, ஆனா நல்லாருக்கு” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லணும். தொழிலானால் ரசனை போய்விடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சும்மா போட்டபோது எனக்கு வருகிற தையலை மட்டும்தான் போட்டேன். ஜர்தோசி (ஜரிகைக் கம்பி வைத்துத் தைப்பது) வராது, அதனால் “எனக்குப் பிடிக்காது” என்று சொல்லித் திரிந்தேன். காசு வாங்கியபின் அந்தச் சாக்கு எடுபடவில்லை. இப்போது என் கையில் இருப்பதிலேயே நல்ல வேலை ஜர்தோசிதான்.

*

கூந்தன்குளம்காரன்:

எனக்கு நேர்மாறு. தை மாதம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பட்டைத்தலை வாத்தைப் படம் எடுக்கக் காலை ஐந்து மணிக்குக் கரையில் படுத்துக் கிடந்தவன். கேமராக் கடனை அடைக்கத்தான் கல்யாணப் படம் எடுக்கப் போனேன். தாலி கட்டுகிற நொடியில் மாப்பிள்ளையின் சித்தப்பா செல்போனோடு குறுக்கே வந்து நின்றார். என்னிடம் இருப்பது அவருடைய முதுகு. வாத்து திரும்பாவிட்டால் நாளைக்கும் போகலாம். மூன்றாவது முடிச்சுக்கு நாளை கிடையாது.

நான்கு வருடம் செய்தேன். வாத்துகள் வந்தன, போயின, நான் மண்டபத்தில் இருந்தேன். கடன் முடிந்த மாதமே நிறுத்திவிட்டு மாமா கடையில் உட்கார்ந்துவிட்டேன். தோற்றுவிட்டான் என்கிறார்கள். இருக்கட்டும்.

*

பழையதொடர்கதை:

கணக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. மறைந்த எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உண்டு. சம்பளம் அங்கே, எழுத்து இங்கே. அதனால் எழுத்து அவருக்குப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியுமா? வாரப் பத்திரிகைத் தொடர் என்றால் வாராவாரம் பக்கம் போய்ச் சேர்ந்தாகணும். காய்ச்சலோ ஆபீஸ் வேலையோ, அச்சுக்கூடம் காத்திருக்காது. பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதைவிட, யாரோ ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறாரா என்று பார்ப்பேன் நான். ஃபேனைப் போட்ட அன்றே நீங்கள் தொழில்காரர் பக்கம் போய்விட்டீர்கள் சகோதரி, மணிக்கு முப்பது ரூபாய் என்றாலும்.

*

ஆரிஊசி:

அதிருக்கட்டும் அக்கா, அட்வான்ஸ் வாங்கினீங்களா?

*

சாக்பவுடர்:

இல்லைம்மா. தோழி ஆச்சே, எப்படிக் கேட்பது.

*

ஆரிஊசி:

அதுதான்க்கா தப்பு. பாதிப் பணம் கைக்கு வராமல் நான் கட்டையில் துணியைக் கட்ட மாட்டேன். அந்த மயில் ப்ளவுஸ் என் சித்தி மகளுக்குத்தான். அவளிடமும் வாங்கினேன்.

*

சாக்பவுடர்:

சரி. கஜலட்சுமியைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுச் சம்பந்தி ஓர் அன்னபூரணி கேட்டிருக்கிறார். “பாதித் தொகை முன்பணம், மூன்று மாதம் ஆகும், மழைக்காலத்தில் எடுப்பதில்லை” என்று வாட்ஸ்அப்பில் அடித்து வைத்து இரண்டு நாள் ஆகிறது. கட்டைவிரல் பட்டன் மேலேயே நிற்கிறது. அனுப்பினால் வந்து சொல்கிறேன்.