மறுமொழி: சிற்றளவுப் போர்வானூர்திகளில் ‘நுணுக்கல்’ – ஓலைச்சுவடி தரும் சில சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

தொறன்ரோத் தம்பி இவ்விழையைத் தொடக்கிப் பத்து நாளாகிறது. பெட்டியில் வரும் பிளாஸ்ரிக் உறுப்புகளை ஒட்டிப் போர்வானூர்தியின் மாதிரியுருவைச் செய்பவர், பெட்டி தந்ததோடு நின்றுவிடாமல் உண்மை ஊர்தியை இன்னும் நெருங்கும்படி செய்கிற திருத்தம், சேர்ப்பு, நீக்கம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ‘டீற்றெயிலிங்’ என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே அவருடைய கேள்வி. இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: கோவை அன்பரின் ‘நுண்விவரமாக்கல்’, வவுனியா ஆசிரியை அவர்களின் ‘நகாசு’, பெயரிடாமல் எழுதிய ஒருவரின் ‘மேம்படுத்தல்’. மூன்றாவதை இப்போதே விட்டுவிடலாம். வீதியையும் மேம்படுத்துகிறோம், விதைநெல்லையும் மேம்படுத்துகிறோம். எதற்கும் பொருந்துகிற சொல் எந்தக் கலைக்கும் உரிய சொல்லாகாது.

யாழ்ப்பாணத்தவர் கலைச்சொல்லைப் பற்றி எழுதப் புகுந்தால், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீனிலிருந்து தொடங்குவது வழக்கம். அதனை விட்டதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது என்ற நம்பிக்கையில் நான் நேரே வேலை மேசைக்கு வருகிறேன்.

என் மேசையில் இப்போது இருப்பது, ஹரிக்கேன் என்ற பிரித்தானியப் போர்வானூர்தியின் 1:72 அளவுத்திட்டத்தில் அமைந்த மாதிரியுரு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியக் கடற்படை வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை இவ்வகை ஊர்திகளே. 1:72 என்பது ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்குவது. ஆகவே ஹரிக்கேனின் 40 அடிச் சிறகுவிரிப்பு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றராகி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. சுருங்க மறுப்பது பிளாஸ்ரிக்கின் தடிப்பு மட்டுமே. பெட்டியிலுள்ள சிறகின் பின்விளிம்பு 0.8 மில்லிமீற்றர் தடிப்புடையது என்று வைத்துக்கொண்டு அதை 72 ஆல் பெருக்கிப் பாருங்கள்: கத்திவாய் போல மெலிந்து முடியவேண்டிய விளிம்பு, உண்மை ஊர்தியின் அளவில் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் தடிப்போடு, மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தாற்போல நிற்கும். உருகிய பிளாஸ்ரிக் அச்சின் மூலைவரை பாய்வதற்கு வழி வேண்டுமாதலால் வார்ப்பவரைக் குறைசொல்வதிலும் பயனில்லை. செய்பவர்தான் சிறகின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னர் அவற்றின் உட்பக்கங்களை அரத்தாளில் தேய்த்துத் தேய்த்து மெலிக்கவேண்டும்.

விமானியின் அறைக்குள் வேறொரு வேலை காத்திருக்கிறது. ஹரிக்கேனில் விமானியின் காலடியில் தளம் கிடையாது. பாதங்களைத் தாங்க இரண்டு தொட்டிகள் மட்டுமே உண்டு, அவற்றின் பக்கங்களில் எட்டிப் பார்த்தால் ஊர்தியின் வயிற்றுக்குள் ஓடும் குழாய்களும் சட்டங்களும் தெரியும். பெட்டிகள் பலவற்றில் அங்கே சப்பட்டையான ஒரு தளத்தை வைத்துவிடுகிறார்கள். நான் அந்தத் தளத்தை வெட்டி எறிந்துவிட்டு, மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் இரண்டு தொட்டிகளை மடித்து வைத்தேன். இருக்கைப் பட்டிகளை மாத்திரை அட்டையின் மினுங்கும் தாளிலிருந்து நறுக்கினேன்; சில்லுக் கால்களில் இறங்கும் தடுப்புக் குழாய்க்கு மின்வயரின் உள்ளிழை ஒன்று போதுமாக இருந்தது. வானலைக் கம்பிக்கு, உறுப்புகளைத் தாங்கிவரும் பிளாஸ்ரிக் கொப்பில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே பிடித்து, இளகியதும் இழுத்துவிட்டால் மயிரிழை போல நீண்டு வரும். (அந்தச் சட்டகத்துக்குக் ‘கொப்பு’ என்ற சொல்லை இங்குள்ள சிறுவர்கள் தாமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உறுப்புகள் அதில் காய்த்துத் தொங்குவதைப் பார்த்தால் வேறு சொல் தேடத் தோன்றாது.)

இவ்வளவையும் விரித்து எழுதியதற்குக் காரணம் ‘நகாசு’. பொற்கொல்லர் பட்டறையில் அது உயர்ந்த சொல் என்பதை மறுக்கவில்லை. ஆசிரியை அவர்கள் அதைத் தேர்ந்ததற்குக் கூறிய ஓசை நயமும் உண்மையே. எனினும், நகாசு என்பது ஒரு பொருளின்மேல் எழிலை ஏற்றுவது. பின்விளிம்பை மெலிப்பவர் எதனையும் ஏற்றவில்லை, மிகையாக நின்றதைக் கழிக்கிறார். தளத்தை வெட்டி எறிபவரும் அப்படியே. நகாசு செய்த அட்டிகையைப் பார்த்து ‘இது மூலத்தைப் போல இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை, ஏனெனில் அதற்கு மூலம் என்று ஒன்று கிடையாது. ஹரிக்கேனுக்கு உண்டு. அழகாகச் செய்த ஒரு பிழையை இக்கலையில் பிழையென்றே கொள்கிறோம்.

‘நுண்விவரமாக்கல்’ பொருளளவில் சரியானதுதான். அதன் குறை நாவில் தெரிகிறது. ஒரு செயலுக்குப் பெயர் வைக்கும்போது அப்பெயர் வினையாக நின்று காலமும் எச்சமும் எதிர்மறையும் காட்டவேண்டும் என்பது என் கருத்து. ‘சிறகை நுண்விவரமாக்கல் செய்துகொண்டிருக்கிறேன்’ என்று வேலை செய்கிற எவரும் வாயால் சொல்லப்போவதில்லை. அச்சொல்லின் முதற்பாதியிலேயே ஒளிந்திருக்கும் வினை நமக்குப் போதும். ‘நுணுக்கு’ என்பதைப் பாருங்கள்: நுணுக்கினேன், நுணுக்கிய சிறகு, நுணுக்காத பெட்டி வேலை, நுணுக்கல். கொப்பித் தாளை மிச்சம் பிடிப்பதற்காக எழுத்தை மிகச் சிறிதாக்கி எழுதிய நாட்களில், ‘நுணுக்கி நுணுக்கி எழுதாதே’ என்று ஆசிரியர்கள் எம்மை அதட்டியது இவ்வினையைக் கொண்டுதான். சிறிதாக்கும்போது வடிவம் கெடாமற் காப்பது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. மாதிரியுரு செய்பவரின் வேலையும் அதுவே.

நுணுக்குதல் என்றால் தூளாக்குதல் அல்லவா என்று தம்பி தனிமடலில் கேட்டிருந்தார். அந்தப் பொருளும் உண்டு. மிளகை நுணுக்குகிறோமா, எழுத்தை நுணுக்குகிறோமா என்பதைச் செயப்படுபொருள் காட்டிவிடும் என்பதால் மயக்கம் நேராது. விமானியின் தலைக்குமேல் வரும் கண்ணாடிக் கூண்டின் சட்டங்களுக்கு நான்காம் முறையாக நிறம் தீட்டிய இரவில் நானும் அந்தத் தூளாக்கும் பொருளை நாடியிருக்கிறேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நுணுக்கி எழுதுதல் என்றதும் ஓலை நினைவுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து சென்றபோது, இவ்விழையின் பிற்பகுதியில் நாம் முட்டி நின்ற மற்றச் சொற்களும் அங்கேயே கிடைத்தன.

முதலாவது, ஊர்தியின் உடலெங்கும் தெரியும் கோடுகள். உண்மை ஊர்தியில் அவை உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகள்; மாதிரியுருவில் அவை வெறும் கோடுகள். ஆகவே மூலத்தில் உள்ளதைத் ‘தகட்டுப் பொருத்து’ என்றும், மாதிரியுருவில் உள்ளதைப் ‘பொருத்துவரி’ என்றும் பிரித்தே வழங்கவேண்டும். கோவை அன்பர் பரிந்துரைத்த ‘காடி’ தச்சர் மரத்தில் வெட்டும் ஆழமான பள்ளம்; எமது பாடநூல்களில் பழகிய ‘தவாளிப்பு’ கப்பிக்குப் பொருந்தும், இந்த மயிரிழைக்கு அது பெரிய சட்டை. பழைய பெட்டிகளில் இவ்வரிகள் மேலெழுந்து நிற்கும், பின்வந்தவற்றில் உட்குழிந்திருக்கும். ‘புடைவரி’, ‘குழிவரி’ என்றால் விளக்கம் வேண்டியதில்லை. புடைவரி உடைய பெட்டியில் இரு பாதிகளை ஒட்டி மூட்டைத் தேய்த்தால் வரிகளும் சேர்ந்தே அழிந்துபோகும். பிறகு எல்லாவற்றையும் குழிவரியாக மீளக் கீறவேண்டும்.

‘கீறல்’ என்ற சொல்லில்தான் கோவை அன்பருக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய ஊரில் கீறல் என்றால் பொருள் பழுதாயிற்று என்பதாம். யாழ்ப்பாணத்தில் நாம் படத்தையே கீறுகிறோம். பிள்ளை வீடு கீறும், மாமரம் கீறும், அதைப் பார்த்து ‘வடிவாய்க் கீறியிருக்கிறாய்’ என்று மெச்சுவோம். கூர்முனையால் பரப்பைக் கிழித்தலும் கோடு வரைதலும் ஒரே வினைக்குள் நிற்பது இவ்வேலைக்குத் தற்செயலாக வாய்த்த பேறு, ஏனெனில் செய்பவர் ஒரே அசைவில் இரண்டையும் செய்கிறார். கை வழுக்கித் தவறான இடத்தில் விழுவதைச் ‘சிராய்ப்பு’ என்போம். எண்ணிக் கீறுவது கீறல். வேகம் அதிகரிக்கும் வீதத்தை நாங்கள் ஆர்முடுகல் என்றும் அவர்கள் முடுக்கம் என்றும் கற்ற பின்னரும் ஒருவர் எழுதுவது மற்றவருக்கு விளங்கத்தான் செய்கிறது; கீறலும் அவ்வாறே விளங்கும்.

கீறும் கருவிக்கு ‘எழுத்தாணி’ என்பதே என் பரிந்துரை. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். தையல் ஊசியைப் பிடியில் பொருத்திக் கீறினால் அது பிளாஸ்ரிக்கை அகற்றுவதில்லை, இரு புறமும் தள்ளிவிடுகிறது. வரியின் இரு கரைகளிலும் பிசிர் எழும்பி நிற்பதால் பிறகு அரத்தாளால் நீவவேண்டும். கொக்கி முனை உடைய கருவி மெல்லிய சுருளாகப் பிளாஸ்ரிக்கைச் சீவி எடுத்துவிடும். ஆகவே ஊசிமுனை எழுத்தாணி, கொக்கிமுனை எழுத்தாணி என்று இரண்டு வேண்டும். கோடு நேராக ஓடுவதற்கு, எழுத்துப் பொறிக்கும் டைமோ ரேப்பின் துண்டு ஒன்றை விளிம்பாக ஒட்டிக்கொண்டு, அழுத்தாமல் நாலைந்து முறை இழுப்பதே முறை. முதல் இழுப்பிலேயே ஆழம் தேடுபவர் சிராய்ப்பைத்தான் காண்பார். இங்கேயும் அளவை மறக்கலாகாது: 0.2 மில்லிமீற்றர் அகலத்தில் கீறிய வரி உண்மை ஊர்தியில் 14.4 மில்லிமீற்றர் இடைவெளியாகிவிடும். அப்படிப் பிளந்து கிடக்கும் ஊர்தியில் யார் ஏறுவார்? வரி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று.

ஹரிக்கேனில் எல்லா இடமும் கீறத்தக்க இடமன்று என்பதையும் சொல்லவேண்டும். மூக்கும் சிறகும் உலோகத் தகடு. விமானியின் அறைக்குப் பின்னால் உடல் முழுவதும் துணிப்போர்வை, அதன் கீழே வால்வரை ஓடும் மெல்லிய மரச் சட்டங்கள் இலேசாகப் புடைத்துத் தெரியும். அச்சட்டங்களுக்கு அகராதியைப் புரட்டியவர்கள் ‘நீள்விறைப்பி’ என்று எழுதியிருந்தார்கள். கிடுகு வேய்ந்த கூரையில் கைமரத்தின்மேல் கட்டும் மெல்லிய தடியை நாம் வரிச்சு என்கிறோம். போர்வையைத் தாங்கி அதற்கு வடிவம் கொடுக்கும் தொழில் இரண்டிடத்திலும் ஒன்றே. வரிச்சு என்றே சொல்வோம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த சொல். கீறி முடித்து நிறம் தீட்டிய பின்னர், பரப்பின்மேல் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிட்டு, நீர்த்த கருநிறத்தைத் தூரிகை நுனியால் வரியில் தொட்டால், அது தானாகவே பள்ளத்தில் ஓடிப் பரவும். சற்று உலர்ந்ததும் காற்று ஓடும் திசையில் துணியால் துடைத்தால் பரப்பு சுத்தமாகி, வரிகளில் மட்டும் நிறம் தங்கி நிற்கும். இதற்கு ‘கழுவல்’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு அது. கழுவினால் அழுக்குப் போகவேண்டுமே ஒழிய வரக்கூடாது. நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் கீறியதும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கரி, மஞ்சள், பச்சிலைச் சாறு முதலியவற்றைத் தடவித் துடைத்தபோது எழுத்தின் பள்ளங்களில் மட்டும் கருமை தங்கி ஏடு வாசிக்கத்தக்கதாயிற்று. அதற்கு மையாடல் என்று பெயர். பிள்ளைக்குப் புது ஏடு கொடுக்கும்போது அதனைச் சடங்காகவும் செய்தார்கள். செயல் முறையில் ஓர் அணுவும் மாறவில்லை. ‘சிறகுக்கு இன்னும் மையாடவில்லை’ என்று இப்போதே சொல்லிப் பாருங்கள். மை என்றவுடன் தூய கறுப்பென்று கொள்ளவேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். அடிநிறத்தைவிடச் சற்றே இருண்ட நிறம் போதும், கறுப்பு ஊற்றினால் ஊர்தி கோலப் புத்தகம் போலாகிவிடும்.

மூத்த உறுப்பினரான ஐயா ஒருவர், யாழ்ப்பாணத்தவன் போர்வானூர்தியை மேசையில் வைத்து அழகு பார்ப்பது எனக்கு எப்படி ஒப்புகிறது என்று கேட்டிருந்தார். கேட்கத்தக்க கேள்விதான். பதுங்குகுழிக்குள் இருந்தபடி ஓசையை வைத்தே ஊர்தியை இனங்கண்டவர்கள் நாங்கள். குண்டு வீச வந்த சரக்கு வானூர்தியைச் சகடை என்றோம், பின்னாளில் வன்னியில் ஆளில்லா வேவு வானூர்தியை வண்டு என்றார்கள். எந்தக் குழுவும் கூடி அச்சொற்களை ஆக்கவில்லை, அகராதி பார்க்க நேரமும் இருக்கவில்லை, சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் விளங்கின. அந்த ஊர்திகளை நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். இதற்குமேல் அவருக்கு விடை சொல்ல என்னிடம் இல்லை.

நுணுக்கல், பொருத்துவரி, கீறல், எழுத்தாணி, வரிச்சு, மையாடல் ஆகியவற்றை வரும் மாதக் கலைச்சொற் பட்டியலில் சேர்க்குமாறு மட்டுறுத்துநரை வேண்டுகிறேன். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டில் வரும் நுண்ணுறுப்புகளுக்கு ஓலை உதவவில்லை. அங்கே பொற்கொல்லரிடம்தான் போகவேண்டும், நகாசை மறுத்த குற்றத்தை ஆசிரியை அவர்கள் மன்னித்தால் அப்பகுதியை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து