துக்கத்தில் ஜெபம் வரவில்லை, சும்மா உட்காரவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: காத்திருப்பு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி கணவரை இழந்து நாலு மாதம் ஆகிறது. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், மனசில் ஏறவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. ஆராதனை முடிந்து ஓய்வாக இருக்கும் ஞாயிறு மத்தியானம்தான் தாங்கவே முடியாத நேரம். வேலை நாட்களில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் "அதற்குள் மறந்துட்டேனா" என்று குற்றவுணர்வு வந்துவிடுகிறது. "விசுவாசி இப்படி அழலாமா" என்று யாரோ கேட்டும் விட்டார்கள். "ஜெபியுங்கள், கர்த்தர் தேற்றுவார்" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நடைமுறையில் என்ன சொல்லலாம்?

பதில்: எம்மாவு வழி

வார்த்தை வராதவருக்கு "சொந்த வார்த்தையில் ஜெபியுங்கள்" என்பது பெரிய பாரம். எழுதி வைத்த வார்த்தையைக் கையில் கொடுங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல்தான். 13-ஆம் சங்கீதத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மொத்தம் ஆறே வசனம், சத்தமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் இரண்டு வசனம் முறையீடு. "எதுவரைக்கும்" என்ற சொல் அதில் நாலு தரம் வருகிறது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. இந்த மூன்று பகுதியையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டில் "எதுவரைக்கும்" என்று எழுதி, அதற்குப் பின்னால் அன்றைக்கு மனசில் இருப்பதை ஒரு வரி எழுதட்டும். "எதுவரைக்கும் இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பேன்?" இதுவும் ஜெபம்தான். பிறகு ஒரே ஒரு விண்ணப்பம், அதுவும் இன்றைக்கு வேண்டியது மட்டும். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் அடுத்த நாள் நோட்டை எடுக்கவே பயம் வந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது 5-ஆம் வசனத்தில். "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பதற்கு அவசரமாக ஓடிப்போய், முதல் நாலு வசனத்தையும் முகவுரை மாதிரித் தாண்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் முறையீடு அங்கேயே கிடக்க, வாயில் மட்டும் துதி. சில நாளில் ஜெபமே பொய்யாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். அன்றைக்கு 5-ஆம் வசனம் வரவில்லை என்றால் 4-ல் நிறுத்திக்கொள்ளலாம். 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஆரம்பித்து, கடைசிவரை வெளிச்சம் வராமலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார் தேவன்.

புலம்பல் புத்தகமும் அப்படித்தான். தேவனுடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று எல்லாரும் மேற்கோள் காட்டும் வசனம் 3-ஆம் அதிகாரத்தில், அதாவது நடுவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகைதான். நம்பிக்கையைச் சொன்ன பிறகும் அழலாம் என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒன்றுமே முடியாத நாளில் ரோமர் 8:26. ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பெருமூச்சு விட்டாலே போதும், அந்த நாளின் ஜெபம் முடிந்தது என்று சகோதரிக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதில்: சூரைச்செடி நிழல்

ஜெபத்தைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லியாயிற்று. நான் தூக்கத்துக்கு வருகிறேன்.

1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். இரண்டாம் தரமும் அதே வார்த்தை, கூடவே "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்". ஓரேப் மலையில் தேவன் பேசுவது நாற்பது நாள் கழித்துத்தான். முதலில் தூக்கமும் சாப்பாடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இரண்டு மணி விழிப்புக்கு: ஏறக்குறைய இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காரட்டும். படுக்கையிலேயே கிடந்து அழுதுகொண்டிருந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடும். போனைத் தொடவேண்டாம், பழைய போட்டோக்கள் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். சங்கீதம் 4:8 ஒன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்திருக்கலாம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்". கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுக்கட்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது முக்கியம். ராத்திரி தூங்காததற்கு மத்தியானம் மூன்று மணிநேரம் தூங்கி ஈடுகட்டினால் அடுத்த ராத்திரியும் கெடும். அரைமணி போதும்.

ஞாயிறு மத்தியானம் விஷயம் தனி. ஓய்வு என்றால் அசையாமல் உட்காருவது என்று நினைத்துக்கொள்கிறோம். உபாகமம் 5 ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இது என்னைக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறதா" என்பது. ஒருவரோடு சேர்ந்து மெதுவாக நடப்பதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஓய்வுதான். கண்ணீருக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, அது முடிந்ததும் செய்ய ஒரு சின்னக் கைவேலையை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முடிவில்லாத வெற்று நேரம்தான் பயமுறுத்துகிறது.

குற்றவுணர்வுக்கு ஒரு வார்த்தை. துக்கம் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையில் ஊஞ்சல் மாதிரி மாறி மாறிப் போகும் என்பதை ஸ்ட்ரோப், ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் விளக்கினார்கள். வேலையில் மூழ்கும் நேரமும் துக்கத்தின் ஒரு பாகம்தான். மத்தேயு 14-ல் யோவான் ஸ்நானகனின் சாவைக் கேட்டதும் இயேசு படவில் ஏறித் தனிமைக்குப் போகிறார். ஜனம் பின்னாலேயே வந்துவிடுகிறது. அவர்களைக் குணமாக்குகிறார், ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுக்கிறார், சாயங்காலம் எல்லாரையும் அனுப்பிவிட்டுத் திரும்பவும் தனியே மலைக்குப் போகிறார். அவர் யோவானை மறந்துவிட்டார் என்று யார் சொல்ல முடியும்?

ஒரு எச்சரிக்கை. "நானும் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல் எடை குறைந்துகொண்டே போனாலும் காட்டவேண்டும். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை. அந்த அடையை எலியாவுக்குக் கொடுத்தவர் தேவன்.

காத்திருப்பு

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. இன்னும் இரண்டு. "விசுவாசி அழலாமா" என்றவர்களுக்கு என்ன சொல்ல? அப்புறம், கணவரின் துணிமணிகளை உடனே கொடுத்துவிடச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்களாம்.

பதில்: யோப்பா மேலறை

1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் தடுப்பது நம்பிக்கையற்றவர்களைப் *போல* துக்கிப்பதை. துக்கிப்பதையே அல்ல. லாசருவை எழுப்பப் போகிறேன் என்று அறிந்தே வந்த இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டாரே, யோவான் 11:35.

தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்று சொல்லும் ரோமர் 8:28-ஐத் துக்க வீட்டில் முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். வசனம் சத்தியம்தான். ஆனால் புதுக் காயத்தின்மேல் வைத்தால் "உன் கணவர் செத்தது நல்லதுதான்" என்று காதில் விழும். அதே நிருபத்தில் 12:15 இருக்கிறது, "அழுகிறவர்களுடனே அழுங்கள்". யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதும் உதவாது, கேட்கும் பலம் அவரிடம் இல்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாடு கொண்டுவருகிறேன், ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். இறந்த கணவரின் பெயரைச் சொல்லிப் பேசவும் தயங்காதீர்கள்.

துணிக்கு அப்போஸ்தலர் 9:39. தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளைப் பேதுருவிடம் காட்டுகிறார்கள். பேதுரு "அதையெல்லாம் எடுத்து வையுங்கள்" என்று சொல்லவில்லை. அந்தத் தையலைக் கையில் பிடித்து அழுவது அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே அவசரம் வேண்டாம். மனசு வந்த நாளில் ஒரே ஒரு அலமாரித் தட்டு, ஒரு மணிநேரம், கூட ஒருவர். வைத்துக்கொள்வது, கொடுப்பது, இப்போது முடிவெடுக்க முடியாதது என்று மூன்று குவியல். மூன்றாவதை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி மூடிவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். அவர் உடம்பு வாசனை இருக்கும் சட்டை ஒன்றைத் துவைக்காமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். துவைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

முதல் வருஷ நினைவு நாளுக்கு நன்றி ஆராதனை வைப்பார்கள், எல்லாரும் வருவார்கள். அதற்கு முந்தின வாரமும் மறுநாளும்தான் பாரமாக இருக்கும், அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். ஜெபக்குழுவில் ஒருவர் அந்த மறுநாளைக் காலண்டரில் இப்போதே குறித்து வைக்கட்டும்.