சியாத்துராவின் பழைய ரோப் கார்களை ஏன் பழுதுபார்க்கவில்லை?

கேள்வி – குத்தாயிசி மாணவன்

வணக்கம். ஜார்ஜியாவின் குத்தாயிசி நகரில் மருத்துவம் படிக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் இருவருடன் மார்ஷ்ருத்கா வேனில் சியாத்துராவுக்குப் போய்வந்தேன். க்விரிலா ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் ஊர் கிடக்கிறது. மாங்கனீசுச் சுரங்கங்களும் பல குடியிருப்புகளும் செங்குத்துப் பாறைகளுக்கு மேலே இருக்கின்றன. 2021இல் திறக்கப்பட்ட புதிய நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் மேலே போய்விட்டோம்.

ஆனால் மனத்தில் நின்றது வேறொன்று. ஒரு பழைய நிலையத்தில் கைவிடப்பட்ட சோவியத் காலத்துப் பெட்டி ஒன்று நின்றிருந்தது. அதன் தரைத் தகடு விரலை விட்டால் உதிரும் அளவுக்குத் துருப்பிடித்து, ஓட்டை வழியே கீழே முளைத்திருந்த புல் தெரிந்தது. இப்படிப்பட்ட பெட்டிகளில் மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எப்படிப் பயணம் செய்தார்கள்? பழுதுபார்த்து ஓட்டாமல் எல்லாவற்றையும் ஏன் நிறுத்தினார்கள்?

மறுமொழி – பழைய சுரங்கக்காரன்

முதலில் ஊர் எதனால் ரோப் கார்களை நம்பியிருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். 1879இல் கவிஞர் அக்காக்கி செரெத்தெலி அங்கிருந்த மாங்கனீசுத் தாதுவின் மீது முனைப்புக் காட்டியதிலிருந்து சியாத்துராவின் சுரங்க வரலாறு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகளில் உலகின் மாங்கனீசில் பாதியளவு இந்த ஒரே பள்ளத்தாக்கிலிருந்து போனது. எஃகு உருக்க மாங்கனீசு தேவை என்பதால் சோவியத் அரசும் இந்த ஊரை விடவில்லை.

தாதுப் படுகை பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மேட்டுநிலத்துக்குள் படுத்த நிலையில் கிடக்கிறது; தொழிலாளி குடியிருந்ததோ பெரும்பாலும் அடியில். ஷிப்டுக்கு முன்பே மலையேறிக் களைத்தவனிடம் முழு வேலையை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் 1954 முதல் ஆட்களை ஏற்றும் ரோப் கார்கள் வந்தன. உச்சக் காலத்தில் பயணிகளுக்கு மட்டும் 17 தடங்கள் இருந்தன, தாது வாளிகள் ஓடிய தடங்கள் தனி. கட்டணமும் கிடையாது. சுற்றுலாக்காரர் வியந்து படமெடுத்த அந்தப் பெட்டி, அங்கிருந்தவர்களுக்கு நம் டவுன் பஸ்ஸைப் போன்றதுதான். ‘இரும்புச் சவப்பெட்டி’ என்ற பட்டப்பெயர் வெளியூர்ப் பத்திரிகைகளுக்குப் பிடித்திருந்த அளவுக்கு, அன்றாடம் காய்கறிப் பையோடு ஏறி இறங்கியவர்களுக்குப் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மறுமொழி – வடம்

தம்பி, துருப்பிடித்த தகட்டைப் பார்த்து நீங்கள் பயந்தது இயல்புதான். ஆனால் ரோப் கார் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உயிரைத் தாங்குவது அந்தத் தகடு அன்று. தரை ஓட்டையானால் ஒரு வெல்டர் அரை நாளில் புதுத் தகடு வைத்துவிடுவார்.

சியாத்துராவில் ஓடியவை ‘ஜிக்-பேக்’ வகை. அசையாமல் இழுத்துக் கட்டிய தாங்கு வடத்தின் மீது பெட்டியின் சக்கரங்கள் உருளும்; இழுவை வடம் இரண்டு பெட்டிகளையும் பிணைத்திருப்பதால் ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். ஒன்றின் எடை மற்றொன்றைச் சமன் செய்வதால் மோட்டார் வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும். இந்த எளிமையே அவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம்: எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, உள்ளூர்ப் பட்டறையில் கடைந்து மாற்றமுடியாத பாகமும் அதிகமில்லை.

பயப்படவேண்டியது வடத்துக்கு. தாங்கு வடத்தின் வெளிக்கம்பிகள் ஒன்றோடொன்று கோத்து வழவழப்பான தோல்போல மூடியிருக்கும். உள்ளே கம்பி அறுந்தாலும் வெளியே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வடத்தைக் காந்தக் கருவிக்குள் ஓடவிட்டுச் சோதிக்கவேண்டும், முந்தைய சோதனைகளின் பதிவோடு ஒப்பிடவேண்டும். வடம் கோபுரத்தின் மீது வளையும் இடமும், முனை பூட்டப்பட்டிருக்கும் இடமும்தான் முதலில் கெடும்.

இன்னொன்று, பெட்டியின் தலைக்கு மேலுள்ள பிரேக். இழுவை வடம் அறுந்தால் அதன் தாடைகள் தாங்கு வடத்தைக் கவ்விப் பிடிக்கவேண்டும். 1990 ஜூன் 1 அன்று ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியின் ம்தாட்ஸ்மிந்தா மலைத் தடத்தில் இழுவை வடம் அறுந்தபோது பெட்டி நிற்காமல் கீழே பாய்ந்தது. குறைந்தது 19 பேர் இறந்தார்கள். 2021 மே மாதம் இத்தாலியின் மொத்தரோனே மலையிலும் அதே கதை: பிரேக் கவ்வாதபடி இடுக்கி மாட்டியே ஓட்டியிருந்தார்கள், 14 பேர் இறந்தார்கள். மொத்தரோனே தடம் துருப்பிடித்ததும் அல்ல, கைவிடப்பட்டதும் அல்ல.

குத்தாயிசி மாணவன்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் வடத்தையும் பிரேக்கையும் மட்டும் மாற்றியிருந்தால் பழைய பெட்டிகளே இன்னும் ஓடியிருக்கலாமே?

மறுமொழி – வடம்

ஒரு தடமாக இருந்தால் செய்திருக்கலாம். ஆனால் வடத்தை மாற்றினால் அது உட்காரும் கோபுரச் சேணம், அதை இழுத்துப் பிடிக்கும் எதிரெடை, அந்த எதிரெடை தொங்கும் நிலையத்தின் கான்கிரீட் எனக் கணக்கு இறங்கிக்கொண்டே போகும். நடுவழியில் நின்றால் பயணிகளை இறக்கும் ஏற்பாட்டையும் இன்றைய விதிகள் கேட்கும். அதனால் ஒரே மைய நிலையத்திலிருந்து நான்கு புதிய தடங்களைப் பிரெஞ்சு நிறுவனமான போமாவிடம் வாங்கியது பொறியியல் கணக்கில் சரியான முடிவு.

மறுமொழி – பழைய சுரங்கக்காரன்

கணக்கு சரிதான், எனக்குள்ள குறை காலத்தைப் பற்றியது. 2017ஐ ஒட்டிப் பழைய தடங்களில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன, புதியவை ஓடியது 2021இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மேட்டில் இருந்த முதியவர்கள் மலையைச் சுற்றிவரும் சாலையை நம்பவேண்டியிருந்தது. 17 இருந்த இடத்தில் 4 என்பதால், சில குடியிருப்புகளுக்கு இன்றும் அதே சாலைதான்.

மறுமொழி – வடம்

உண்மை, அதை மறுக்கமாட்டேன். தம்பி, மறுமுறை போனால் அந்தப் பழைய பெட்டியின் தரையை விட்டுவிட்டு, கூரைக்கு மேலே சக்கரங்களுக்கு இடையில் பாருங்கள். பிரேக் தாடைகள் இன்னும் இருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா என்று தெரியும்படி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அந்தப் பெட்டியை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அதைவைத்துச் சொல்லிவிடலாம்.