திபிலிசி பல்கலைக்கழகம்: பொதுத் தேர்வு சாதித்தது என்ன?

கரிசல்காரன்:
1918இல் வரலாற்றாசிரியர் இவானே ஜவாகிஷ்விலி முன்னின்று நிறுவிய திபிலிசி அரசுப் பல்கலைக்கழகம், ஜார்ஜியா நாட்டின் மற்றப் பல்கலைக்கழகங்களைப் போலவே, 2005க்கு முன்புவரை மாணவர் சேர்க்கைத் தேர்வைத் தானே நடத்தியது. தேர்வுக் குழுவில் இருந்தவர்களே தனிப்பயிற்சியும் அளித்தார்கள். இடத்துக்குப் பணம் கைமாறுவது ஊரறிந்த செய்தி. 2003இல் மக்கள் போராட்டம் ஆட்சியை மாற்றிய ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த அரசு, நாடு முழுவதற்கும் ஒரே தேர்வைக் கொண்டுவந்து தேசியத் தேர்வு மையத்திடம் ஒப்படைத்தது. வினாத்தாள்கள் பிரிட்டனில் அச்சாகி வந்தன. அறைக்குள் நடப்பதை வெளியே காத்திருந்த பெற்றோர் திரையில் பார்த்தார்கள். சோவியத் ஒன்றியத்திலிருந்து நாடு விடுதலை பெற்றபின் அப்பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த பெரும் நன்மை இதுவே.

மலைநாடன்:
இட விற்பனை நின்றதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அரசு, 2004 டிசம்பர் உயர்கல்விச் சட்டத்தைக் கொண்டு, பல்கலைக்கழகத் தலைவரைக் குடியரசுத் தலைவரே நியமிக்க வழிசெய்தது. பேராசிரியர் பதவிகளுக்குப் புதிதாக ஆளெடுத்தபோது, கையூட்டு வாங்கியவரோடு வாங்காதவரும் வேலை இழந்தார். வளாகத்தில் போராட்டம் வெடித்தது. சேர்க்கையைத் தூய்மைப்படுத்தத் தன்னாட்சியைப் பறித்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

கரிசல்காரன்:
அந்தத் தன்னாட்சியின் நிழலில்தானே இடங்கள் விலைபோயின, ஐயா? குழுக்களே தம்மைத் திருத்திக்கொள்ளும் என்று இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது? மேலும், அரசின் கல்வி உதவித்தொகையும் மதிப்பெண்ணோடு இணைக்கப்பட்டதால், சிபாரிசு இல்லாத மலைக்கிராமத்துப் பிள்ளையும் தலைநகரில் படிக்க முடிந்தது.

தேன்சிட்டு:
எல்லா மலைக்கிராமத்துப் பிள்ளைகளும் அல்லர். நாட்டின் தெற்குப் பகுதிகளான ஜவாகேதியின் ஆர்மீனியப் பிள்ளைகளும் க்வேமோ கார்த்லியின் அஜர்பைஜானியப் பிள்ளைகளும் தாய்மொழிப் பள்ளிகளில் படித்தவர்கள். ஜார்ஜிய மொழித் தாள் கட்டாயமாக இருந்ததால் அவர்களில் மிகச் சிலரே தேறினார்கள். 2010இல்தான், தாய்மொழியில் ஒரே தாள் எழுதி, ஓராண்டு ஜார்ஜிய மொழி பயின்றபின் பட்டப்படிப்பில் சேரும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டு இழப்பைக் கேமராக்கள் காட்டவில்லை. தனிப்பயிற்சியும் ஒழியவில்லை, பேராசிரியர் வீட்டிலிருந்து பயிற்சியாளர் வீட்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

கரிசல்காரன்:
மொழித்தாள் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கிறேன். தனிப்பயிற்சி பற்றியதை ஏற்க இயலாது. பயிற்சியாளருக்குக் கட்டணம் கொடுத்தவர் தேர்வையும் எழுதித் தேற வேண்டும். முன்பு பணம் கொடுத்தவருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

மலைநாடன்:
நியமனத்துக்கு இன்னும் நீங்கள் விடை சொல்லவில்லை. தேர்வு மையத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வைத்தாலே இடம் விற்க முடியாது என்று ஆன பிறகு, தலைவரையும் மேலிருந்து அமர்த்த வேண்டிய தேவை என்ன?