ஸ்கூட்டரில் ஏறுகிற அளவுக்கு ஒரு பெர்கஷன் செட்: எதை எடுப்பது, எதை விடுவது?

பெட்டித்தாளம் (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர். பாட்டு, அகௌஸ்டிக் கிடார், கீபோர்டு, அப்புறம் நான். ரிசப்ஷன், காபி ஷாப், எப்போதாவது காலேஜ் விழா. இதுவரை கஹோனும் (மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி) ஒரு ஷேக்கரும் வைத்தே ஓட்டினேன். இப்போது ரிசப்ஷனில் பெரியவர்கள் எண்பதுகளின் பாட்டாகவே கேட்கிறார்கள். தபேலா, டோலக் சத்தம் இல்லாமல் அது எடுபடாது.

என்னிடம் இருப்பவை: கஹோன், தபேலா ஜோடி, நட்-போல்ட் டோலக் (ஸ்பேனரால் சுருதி சேர்ப்பது), கஞ்சிரா, 14 இஞ்ச் ஹைஹாட் (காலால் மிதிக்கிற ஜோடித் தட்டு) ஸ்டாண்டோடு, ஒரு ஸ்ப்ளாஷ் (சின்னத் தட்டு), செகண்ட்ஹேண்டில் வாங்கிய ரோலண்ட் எஸ்பிடி-20 பேட் (குச்சியால் தட்டினால் பல வாத்தியச் சத்தம் தருகிற எலக்ட்ரானிக் பலகை). கார் இல்லை. உள்ளூர் என்றால் ஸ்கூட்டர், வெளியூர் என்றால் பஸ், ரயில். மேடையில் செட் பண்ணப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இதில் எதை வீட்டிலேயே விட்டுவிடலாம்? எப்படி பேக் பண்ணுகிறீர்கள்?

வைகைரிதம் (மதுரை):

தம்பி, எனக்கு லைட் மியூசிக்கில் தலை நரைத்துவிட்டது. எடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் உருப்படியை எண்ணுங்கள். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து மேடை வரைக்கும் ஒரே நடையில் கொண்டுபோக முடிய வேண்டும். கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம், நடுவில் பந்தி. பாதியை மேடையில் வைத்துவிட்டு மீதிக்குத் திரும்பி வந்தால், அதற்குள் நாலு பொடிசுகள் உங்கள் கஹோன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அவர்களைத் திட்டவும் முடியாது, மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். ஆகவே முதுகில் ஒன்று, இரண்டு கையில் இரண்டு, மொத்தம் மூன்று உருப்படி. நாலாவது வந்தால் எதையாவது கழியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டோலக்கையும் ஹைஹாட்டையும் வீட்டில் விடுவேன். டோலக் அடியைப் பேடில் ஓரளவு சமாளிக்கலாம், வேகமான பாட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தபேலாவை அப்படி ஏமாற்ற முடியாது. டக்காவில் (இடது கைத் தபேலா) மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது வரும் அந்தக் கும்காரத்தைக் குச்சியால் பேடில் தட்டி எடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மெலடி பாட்டு நிற்பதே அதில்தான். ஹைஹாட்டுக்குப் பதில் காலில் மாட்டுகிற ஜிங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளங்கை அளவுதான். ஸ்ப்ளாஷுக்குத் தனி ஸ்டாண்டு வேண்டாம். பேட் ஸ்டாண்டிலேயே ஒரு கிளாம்ப் போட்டு மாட்டலாம்.

தபேலா பேக்கிங்கில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். தாயாவையும் (வலது கை மரத் தபேலா) டக்காவையும் ஒரே பையில் அப்படியே போட்டால் பித்தளை வந்து மரத்தில் இடித்துக்கொண்டே வரும். இரண்டுக்கும் தனித்தனிக் கவர் போடுங்கள். கவருக்குள், தோலின் மேல், தலை அளவுக்கு வட்டமாக வெட்டிய கெட்டி அட்டை ஒன்று இருக்கட்டும். விளிம்பில் மட்டும் உட்காருகிற மாதிரி வெட்டுங்கள், தோலிலுள்ள கறுப்பு வட்டமான கரணையில் படக்கூடாது. பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய கைலியை மடித்துச் செருகுங்கள். மேடைக்குப் போனதும் அதே கைலி தபேலாவை மூடிவைக்க உதவும். இடைவேளையில் யாராவது ஜூஸ் டம்ளரை அதன் மேலே வைக்காமல் இருப்பார்கள். (வைத்திருக்கிறார்கள்.) தபேலாவுக்கு அடியில் வைக்கிற சும்மாடு இரண்டையும் பையின் அடியில் போட்டு, அதன் மேல் வாத்தியத்தை உட்கார வைத்தால் அதிர்ச்சி தாங்கும். சுருதி சேர்க்கிற சுத்தி வெளிப்பையில் இருக்கட்டும், உள்ளே வேண்டாம்.

கஹோனின் ஓட்டைக்குள் கேபிள், ஷேக்கர் எல்லாம் திணிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். உள்ளே, தட்டும்போது சலசலக்கிற ஸ்னேர் கம்பி இருக்கிறது. கேபிள் அதில் மாட்டி இழுபட்டால் அப்புறம் எந்த அடிக்கும் கரகரவென்றுதான் கேட்கும்.

ஸ்கூட்டரில் கஹோனைக் கால் வைக்கும் இடத்தில் நிற்க வையுங்கள். தபேலா பை முதுகில். பேடும் ஸ்டாண்டும் ஒரே தட்டைப் பையில், பின் சீட்டில் எலாஸ்டிக் கயிறு போட்டு. கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பெட்டியில் முட்டினால் அந்த வண்டி இதற்கு ஆகாது. நண்பர்கள் யாரிடமாவது டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் இருந்தால் அதைக் கேளுங்கள். அரிசி மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இதெல்லாம் ஒரு சுமையா?

வெயிலில் நிற்கிற வண்டிக்குள் தோல் வாத்தியத்தை விடாதீர்கள். பஸ் டிக்கியும் அப்படித்தான், இன்ஜின் பக்கம் கொதிக்கும். சூட்டில் தோல் இறுகி சுருதி ஏறும், ரொம்பக் காய்ந்தால் கிழியும். கடற்கரை ஓர ரிசப்ஷனில் ஈரக்காற்று பட்டு இறங்கும். அதனால் மண்டபத்துக்குப் போனவுடன் சுத்தியை எடுக்காதீர்கள். கவரைக் கழற்றி அந்த இடத்துக் காற்றில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, மற்ற வேலையெல்லாம் முடிந்தபின் கடைசியில் சுருதி சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பேடின் அடாப்டர் 9 வோல்ட், முனையின் நடுவில் நெகட்டிவ். கீபோர்டுக்காரரிடம் இருப்பது யமஹா என்றால் அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். இருட்டு மேடையில் இரண்டும் ஒரே கறுப்பு ஒயர்தான். உங்களுடையதில் இப்போதே சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

குடமும்கஞ்சிராவும்:

கஞ்சிராவை விட்டுவிடாதீர்கள், மூன்று உருப்படிக் கணக்கில் அது சேராது. பேட் பையிலேயே அடங்கும். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் மட்டும் வேண்டும். உள்பக்கம் சில சொட்டுத் தடவிச் சுருதியை இறக்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஏசி மண்டபத்தில் பாதிப் பாட்டு போவதற்குள்ளேயே காய்ந்துவிடும். பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பேட் பக்கத்தில் வேண்டாம்.

உங்களுடையது பழைய உடும்புத்தோல் கஞ்சிராவா? அப்படியென்றால் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. ஆட்டுத்தோலோ சிந்தடிக்கோ மாட்டியது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கில் வாசிக்க சிந்தடிக் நன்றாகவே இருக்கிறது, தண்ணீர் தொல்லையும் இல்லை.

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ, உட்கார்ந்து போகிற செகண்ட் கிளாஸில் 35 கிலோ இலவசம். எடையில் உங்களுக்குப் பிரச்சினை வராது. பெட்டி அளவு 100 × 60 × 25 சென்டிமீட்டர் என்று ஒரு விதி இருக்கிறது. கஹோன் சாதாரணமாக 30 சென்டிமீட்டர் அகலம், காகிதக் கணக்கில் அடங்காது. அளந்து பார்த்த டிடிஆர் யாரையும் நான் சந்தித்ததில்லை. நான் மானாமதுரைக் கடத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறவன். எதிர் சீட்டுக்காரர் "சோறு பொங்கவா?" என்று கேட்பதுதான் எனக்குப் பழக்கம்.

விமானத்தில் போக நேர்ந்தால் சுத்தியும் ஸ்பேனரும் செக்-இன் பையில் இருக்க வேண்டும். கையில் கொண்டுபோனால் செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள்.

ஃபேடர்_கோவை:

நான் சவுண்டு ஆள். மேடையின் மறுபக்கத்திலிருந்து நாலு வார்த்தை.

எத்தனை லைன் (மிக்சருக்குப் போகிற ஒயர்) வேண்டும் என்று முதல் நாளே சவுண்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கஹோன் ஒன்று, தபேலா இரண்டு, பேட் ஒன்று. பேடை மோனோவாகத் தந்தால் போதும். கஞ்சிராவைத் தாயா மைக் பக்கம் திரும்பி வாசியுங்கள். நேரம் குறைவாக இருந்தால் கஹோனுக்குப் பின் ஓட்டை வாசலில் ஒரு மைக் போதும். முன்னாலும் ஒன்று வைத்தால் ஒன்றின் போலாரிட்டியைத் (ஒலி அலையின் மேல்-கீழ் திசை) திருப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடிச்சத்தமே காணாமல் போகும்.

பல மண்டப மேடைகளில் இருப்பது 15 ஆம்ப் சாக்கெட் மட்டும். 15-லிருந்து 5-க்கு மாற்றுகிற பிளக் ஒன்று பையில் இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு மாறியதும் பேட் லைனில் உர்ரென்று இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸில் (பேடை மிக்சரோடு இணைக்கிற சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள். பிளக்கின் எர்த் முனையை உடைக்கச் சொல்லி ஒரு புத்திசாலி எப்படியும் வருவார். அவரைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

பெட்டித்தாளம் (திருச்சி):

எல்லோருக்கும் நன்றி. டோலக்கை விட மனசு வரவில்லை, ஆனால் மூன்று உருப்படிக் கணக்கு நியாயமாகப் படுகிறது. ஒரு சந்தேகம். கிரானைட் மேடையில் கஹோன் வழுக்குகிறது. அப்புறம், வாத்தியங்களின் இடமும் உயரமும் ஒவ்வொரு முறையும் மாறிப்போகிறது.

வைகைரிதம் (மதுரை):

நாலடிக்கு நாலடி ரப்பர் முதுகு வைத்த கார்ப்பெட் துண்டு வாங்கி, சுருட்டிப் பேட் ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். வீட்டில் ஒருநாள் அதன் மேல் எல்லாவற்றையும் உங்களுக்கு வசதியாக வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, கஹோனின் நாலு மூலை, ஸ்டாண்டின் கால்கள், தபேலா இருக்கும் இடம், எல்லாவற்றையும் சுற்றி கலர் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஸ்டாண்டு எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அங்கே குழாயிலும் ஒரு சுற்று. மேடையில் விரித்ததும் யோசிக்க வேண்டியதில்லை, டேப் இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டே போகலாம்.

பேடில் பேட்ச்களை (சேமித்து வைத்த சத்தத் தொகுப்புகள்) பாட்டு வரிசைப்படி அடுக்கிவிடுங்கள். ஸ்ப்ளாஷின் விங் நட், ஃபெல்ட் இரண்டிலும் உபரி வாங்கி ஒரு பழைய கோபுரம் பூசு மஞ்சள் டப்பாவில் போட்டுவையுங்கள். விங் நட் மேடையில் விழுந்தால் பலகை இடுக்கில்தான் போகும், எடுக்க முடியாது.

டோலக்கை மொத்தமாகக் கைவிடச் சொல்லவில்லை. கிடார்காரர் காரில் வருகிற நாளில் எடுத்து வாருங்கள். அன்றைக்கு ஸ்பேனரையும் மறக்காதீர்கள்.