கீழ்க் கடைவாய்ப் பல் போச்சு: வைக்கணுமா, விடலாமா?

கோடைமழை:
அப்பாவுக்கு 67. கீழே ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் எல்லாம் போயாச்சு. முன்கடைவாய்ப் பல் நாலும் இருக்கு, முன்பல்லும் இருக்கு. மேலே குறை ஒண்ணும் இல்லை. சர்க்கரை உண்டு, மாத்திரையில ஓடுது. ஒரு கிளினிக்ல பக்கத்துக்கு ரெண்டா நாலு இம்ப்ளான்ட் (தாடை எலும்புல திருகி வைக்கிற பல்) போடணும், ஒண்ணேகால் லட்சம் ஆகும்னாங்க. இன்னொரு இடத்துல கழட்டி மாட்டுற காஸ்ட் பார்ஷியல், அதாவது மெட்டல் ஃப்ரேம் வச்ச பல் செட்டு. மூணாவதா பார்த்த அம்மா, "புதுசா எதுவும் வைக்க வேண்டாம், இருக்கிறதைக் காப்பாத்துங்க"ன்னு சொல்லி க்ளீனிங் மட்டும் பண்ணி அனுப்பிட்டாங்க. மூணு டாக்டர், மூணு பதில். யாரை நம்புறது?

டைட்டானியம்:
"எதுவும் வைக்க வேண்டாம்"னு சொல்றதுக்கு எதுக்கு டாக்டர்? எதிர்ப்பல் இல்லாத மேல் கடைவாய்ப் பல் கீழே இறங்கும். ரெண்டு வருஷம் கழிச்சு மனசு மாறி வைக்கலாம்னு வந்தா இடம் இருக்காது. மெல்லுற பாரம் பூரா முன்கடைவாய்ப் பல் தலையில விழும். பல் போன இடத்துல எலும்பும் கரையும். சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தா இம்ப்ளான்ட் வைக்கத் தடை இல்லை. சி.பி.சி.டி. (தாடைக்கு எடுக்கிற 3டி ஸ்கேன்) எடுத்துப் பார்த்து, நரம்புக்கு மேல 2 மி.மீ. இடைவெளி விட்டு வச்சா பயமும் இல்லை. ஆமா, நான் இம்ப்ளான்ட் வைக்கிறவன்தான். அதை மறைச்சுப் பேசல.

வேப்பங்குச்சி:
நான் ப்ராஸ்தோ, செயற்கைப் பல் கட்டுற டாக்டர். அந்த மூணாவது அம்மா பக்கம் நிக்கிறேன்.

டைட்டானியம் சார் சொன்னது எல்லாம் பி.டி.எஸ்.ல நாமெல்லாம் எழுதி மார்க் வாங்கினதுதான். அதை நிஜ வாயில அளந்து பார்த்தவங்க உண்டு. நெதர்லாந்துல நைமேகன் பல்கலைக்கழகத்துல கைசர்னு ஒருத்தர் 1981-லேயே எழுதினார். கடைவாய்ப் பல் குறையக் குறைய, மெல்லுறது எந்த இடத்துல தடுமாறுதுன்னு பார்த்தார். ஒரு ஜோடி முன்கடைவாய்ப் பல் மேலும் கீழும் சேர்ந்தா ஒண்ணு, ஒரு ஜோடி கடைவாய்ப் பல்னா ரெண்டு, இதுதான் அவர் கணக்கு. மொத்தம் நாலு மிஞ்சி, ரெண்டு பக்கமும் சமமா இருந்தா வாய் சமாளிச்சுக்கும்னு முடிவு பண்ணார். கோடைமழை அப்பாவுக்குச் சரியா நாலு இருக்கு.

அதே குழுவுல விட்டர் இப்படிப்பட்டவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்தார். ஆரம்பத்துல பல் கொஞ்சம் நகருது, அப்புறம் நிலைச்சுடுது. தாடை மூட்டு வலியும் மத்தவங்களைவிட அதிகம் இல்லை.

மேல்பல் இறங்கும், அதை மறுக்கல. எவ்வளவு இறங்கும்னுதான் கேள்வி. பத்து வருஷத்துக்கு மேல எதிர்ப்பல் இல்லாம நின்ன கடைவாய்ப் பற்களை கிலியாரிடிஸ் குழு அளந்து 2000-ல வெளியிட்டாங்க. 2 மி.மீ.க்கு மேல இறங்கினது ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான்.

உலக சுகாதார நிறுவனமே 1992-ல ஆயுசு முழுக்க 20 சொந்தப் பல் நின்னா போதும்னு இலக்கு வச்சுது. ஞானப்பல் நீங்கலா இருக்கிற 28-ஐயும் நிரப்பியே தீரணும்னு யார் நமக்குச் சட்டம் போட்டது?

டைட்டானியம்:
அது நைமேகன் வாய் சார். ரொட்டியும் சீஸும் திங்கிற வாய். நம்ம ஆளுக்குச் சீடை வேணும், நல்லி எலும்பு வேணும், சாப்பிட்டு முடிச்சா வெத்தலை பாக்கு வேணும். நீங்க சொல்ற அதே நைமேகன்காரங்க தான்சானியா போய்ப் பார்த்து 2003-ல என்ன எழுதினாங்கன்னு ஏன் சொல்லல? ஒரு ஜோடி கடைவாய்ப் பல்லாவது பாக்கி இருந்தவங்க நல்லா மென்னாங்க. மூணு நாலு ஜோடி முன்கடைவாய்ப் பல்லோட நின்னுபோனவங்க கெட்டியான சாப்பாட்டுல திணறினாங்க. கோடைமழை அப்பா ரெண்டாவது வரிசையில நிக்கிறார். உங்களுக்கு வேண்டிய கட்டுரையை மட்டும் எடுத்து நீட்டாதீங்க.

அச்சுவார்ப்பு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் டாக்டர்ஸ், நான் லேப்ல வேலை பார்க்கிறவன். ரெண்டு பேரும் அந்தக் காஸ்ட் பார்ஷியலைப் பத்திப் பேசவே இல்லையே. நடுத்தரக் குடும்பம் கடைசியில அங்கதான் வந்து நிக்குது.

பின்னால தாங்க பல் இல்லாத செட்டு மகா தொல்லை. முன்னால கொக்கி பல்லைப் பிடிச்சிருக்கு, பின்பக்கம் ஈறு மேல உக்காருது. பல் குழிக்குள்ள அசையுறது மில்லிமீட்டர்ல சின்னப் பின்னம். ஈறு அதைவிடப் பல மடங்கு அமுங்கும். அப்போ ஒவ்வொரு கடிக்கும் செட்டு சீசா பலகை மாதிரி ஆடி, கொக்கி மாட்டின பல்லை ஆட்டும். இதைக் குறைக்க வழி இருக்கு. மெட்டல் ஃப்ரேமை வாயில வச்சு, அது மேலயே ஈறுக்குத் தனியா அளவு எடுத்து, பழைய அச்சுல பின்பக்கத்தை வெட்டிட்டு மறுபடி ஊத்தணும். எத்தனை கிளினிக்ல செய்யுறாங்க? எங்களுக்கு வர்றது மாவு மாதிரி குழைச்சு எடுக்கிற ஒரு ஆல்ஜினேட் அளவு. ஓரம் ஏற்கனவே காய்ஞ்சு சுருங்கியிருக்கும். கூட ஒரு சீட்டு: "லோயர் காஸ்ட் பார்ஷியல், ஷேட் ஏ3, அர்ஜென்ட்." ரெஸ்ட் (செட்டைத் தாங்கப் பல் மேல உக்காருற மெட்டல் துண்டு) எந்தப் பல்லுல, கொக்கி எந்த மாடல், ஒண்ணும் இருக்காது. போன் பண்ணா "நீங்களே பார்த்துப் போட்டுக்கங்கண்ணே"ம்பாங்க. நோயாளி முகத்தைப் பார்க்காத நான் அவர் வாய்க்கு டிசைன் போடுறேன். அப்புறம் செட்டு சரியில்லைன்னா லேப் மேல பழி.

மல்லிகா_அக்கா:
தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. எனக்கும் அதே செட்டுதான். எள்ளு ஒண்ணு அடியில போச்சுன்னா உயிர் போயிடும். கல்யாண வீட்டுல பந்தியில கழட்டவும் முடியாது, மெல்லவும் முடியாது. இப்போ அது அலமாரியில டம்ளர் தண்ணியில கெடக்கு. கொக்கி மாட்டின பல்லு ஓரத்துல சொத்தை வந்து அதுக்கு ரூட் கெனால் வேற. மெல்லுறது எல்லாம் மிச்சமிருக்கிற பல்லுலதான்.

வேப்பங்குச்சி:
அக்காவுக்கு வந்தது அபூர்வம் இல்லை. நியூகாசில்ல கழட்டி மாட்டுற செட்டையும் பக்கத்துப் பல்லுல ஒட்டி நிறுத்துற சின்ன பிரிட்ஜையும் ஒப்பிட்டு 2001-ல எழுதினாங்க. புதுச் சொத்தை செட்டு போட்டவங்களுக்குத்தான் அதிகம். ஜெர்மனியில பல கல்லூரி சேர்ந்து, ஒரு கூட்டத்துக்குக் கடைவாய் வரைக்கும் செட்டு கொடுத்து, இன்னொரு கூட்டத்தை முன்கடைவாயோட நிறுத்தி, வருஷக்கணக்கா பார்த்தாங்க. பல் இழப்புல பெரிய வித்தியாசம் இல்லை. அவ்வளவு செலவழிச்சுச் செட்டு போட்டும் அது மத்த பல்லைக் காப்பாத்தல.

தான்சானியா கட்டுரை சரிதான், டைட்டானியம் சார். அதை வச்சே கேக்குறேன். ஒரு ஜோடி கடைவாய்ப் பல் இருந்தா போதும்னு அது சொல்லுது. அப்போ பக்கத்துக்கு ஒண்ணு போதுமே, நாலு எங்கேர்ந்து வந்துச்சு? அதுவும் அவருக்கு மெல்லக் கஷ்டமா இருந்தாத்தான். அவரை யாராவது கேட்டாங்களா?

கோடைமழை:
இப்பத்தான் கேட்டேன் டாக்டர். சீடையும் பாக்கும் விட்டு ரொம்ப நாளாச்சாம், மத்ததெல்லாம் ஓடுதாம். கறி மட்டும் கொஞ்சம் நேரமாகுமாம். அப்புறம் புதுசா ஒண்ணு சொன்னார். இடது பக்கம் கீழே கடைசிப் பல், நாக்கால தள்ளினா ஆடுதாம். க்ளீனிங் பண்ணதுலேர்ந்துதான் இப்படிங்கிறார்.

வேப்பங்குச்சி:
க்ளீனிங் ஆட்டி விடல. அதுவரைக்கும் காரை பிடிச்சு நிறுத்தியிருந்திருக்கும், எடுத்ததும் வெளிச்சத்துக்கு வந்துடுச்சு.

இதுல கதை மாறுது. ஈறு திடமா இருக்கிறவங்களுக்குத்தான் கைசர் கணக்கு. ஈறு நோய்ல எலும்பு இறங்கினவங்க, ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறவங்க, தாடை முன்னபின்ன பொருந்தாதவங்க, இவங்களை அப்படியே விடலாம்னு யாரும் சொல்லல. முதல்ல ஒரு பீரியோ டாக்டர், அதாவது ஈறு டாக்டர், ப்ரோப்ங்கிற அளவுக் குச்சி வச்சு ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் ஆழம் அளக்கட்டும். கூட ஓ.பி.ஜி. (வாய் முழுக்க ஒரே படமா எடுக்கிற எக்ஸ்ரே), மூணு மாச சர்க்கரை சராசரி. அதுவரைக்கும் எந்தப் பல்லும் வைக்கக் கூடாது.

டைட்டானியம்:
அந்தப் பல் போனா கணக்கு மூணு. அதுவும் ஒரு பக்கம் ரெண்டு, ஒரு பக்கம் ஒண்ணு. உங்க சமநிலை அங்கேயே காலி. ஈறு வைத்தியம் முடிஞ்சதும் பக்கத்துக்கு ஒண்ணு வைங்க, நாலு வேண்டாம், அதுல நான் வாதாடல. ஆனா ஈறு நோய் இருந்த வாய்ல இம்ப்ளான்ட்டைச் சுத்தியும் அதே நோய் வர வாய்ப்பு ஜாஸ்தி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை க்ளீனிங்குக்கு வருவார்னாத்தான் வைப்பேன். வரமாட்டார்னா நானே வைக்க மாட்டேன்.

வேப்பங்குச்சி:
பக்கத்துக்கு ஒண்ணுன்னா சண்டை இல்லை. ஆனா ஆடுற பல்லைப் பிடுங்கிட்டு வைக்கலாம்னு கிளம்பினா சண்டை உண்டு. ஈறு வைத்தியம் பண்ணி மூணு மாசம் பாருங்க. நிறைய பல் இறுகிக்கும்.

டைட்டானியம்:
எல்லாம் இறுகாது.

கோடைமழை:
வியாழக்கிழமை பீரியோ டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஒரு சந்தேகம். நாலு இம்ப்ளான்ட் சொன்ன இடத்துல அவசரப்பட்டு இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டோம். திரும்ப வருமா?

அச்சுவார்ப்பு:
ரசீது இருக்கா?