தேடுதல் ஆணையை எதிர்ப்பது: ‘முகச் செல்லுபடி’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

முல்லைத்தீவிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

கனடாத் தீர்ப்புகளைத் தமிழில் சொல்வதற்கான சொற்பட்டியல் போன கிழமை வந்தது. போதைப்பொருளும் ஆயுதமும் சேர்ந்த வழக்குகளின் மேன்முறையீட்டில் அடிக்கடி வருகிற சொற்களைப் பொறுக்கியிருக்கிறீர்கள். தேவையான வேலை. பிள்ளை ரொறன்ரோவில் மறியலில், அதாவது சிறையில், இருக்க, தீர்ப்பின் பிரதியை வட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு “இதில என்ன எழுதியிருக்கு” என்று கேட்டு வருகிற தாய் தகப்பன் வன்னியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால், தேடுதல் ஆணையை எதிர்க்கும் இரண்டு வழிக்கும் வைத்த இரண்டு பதிவு நிற்காது: ‘முகச் செல்லுபடி எதிர்ப்பு’, ‘கீழ்முக எதிர்ப்பு’. ஆங்கிலத்தில் (facial, sub-facial) முகம் இருக்கிறது என்பதற்காக நாங்களும் முகம் வைத்திருக்கிறோம். கீழ்முகம் என்றால் எங்கள் ஆட்கள் நாடியைத் தடவிப் பார்ப்பார்கள்.

சொல்லைத் தேடுமுன் விஷயத்தைப் பிரித்து வைப்போம். கனடாவின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் 1982இல் வந்தது. அதன் 8ஆம் பிரிவு, நியாயமற்ற தேடுதலிலிருந்தும் கைப்பற்றலிலிருந்தும் ஆட்களைக் காக்கிறது. அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தது 1984ஆம் ஆண்டின் ஹன்ரர் எதிர் சவுதாம் தீர்ப்பு. தேடப் போகுமுன்பே, பக்கம் சாராத ஒருவர், சத்தியத்தின் மேல் சொல்லப்பட்ட நியாயமான காரணங்களைப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும் என்றது அது. அந்த அனுமதிதான் தேடுதல் ஆணை. ஆகவே பொலிஸ்காரர் ஒரு கடதாசி எழுதிச் சத்தியம் செய்து கொடுக்கிறார், அதுதான் சத்தியக்கடதாசி. பிறகு வழக்கு எவ்வளவு தூரம் போனாலும், ஆணையைப் பற்றிய சண்டை அந்தக் கடதாசியைச் சுற்றித்தான் நடக்கும்.

கனடா விதியை ஒரு வன்னி வளவுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். விசுவமடுப் பக்கம் ஒரு வீடு. அங்கே கஞ்சாப் பொதியும் ஓர் இடியன் துவக்கும் (நாட்டுத் துப்பாக்கி) இருப்பதாகக் கடதாசி எழுதப்படுகிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: இரகசியத் தகவல் கிடைத்தது, தகவல் தந்தவர் நம்பிக்கையானவர், பொருள் வீட்டில் இருக்கிறது. ஆணை கிடைக்கிறது. நெல் மூடைகளுக்குப் பின்னால் துவக்கு அகப்படுகிறது. சட்டத்தரணி எழும்பிச் சொல்கிறார்: “எழுதியது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். என்றாலும் இது காணாது. தகவல் தந்தவர் எப்போது கண்டார்? தன் கண்ணால் கண்டாரா, ஆரும் சொல்லக் கேட்டாரா?” இது முதல் வகை. கடதாசிக்கு வெளியே போகத் தேவையில்லை, அதை வாசித்தாலே போதும்.

இரண்டாவது வகைக்குக் கடதாசியைக் கொஞ்சம் கொழுப்பிப் பார்ப்போம். “இரண்டு இரவு மறைந்திருந்து பார்த்தேன், ஆட்கள் வந்து வந்து போனார்கள்” என்று சேர்க்கிறோம். இப்போது எழுத்தில் குறை தெரியாது. ஆனால் பொலிஸ் நிலையக் குறிப்பேட்டைப் பார்த்தால் அந்த இரண்டில் ஓர் இரவு அவர் லீவு. வளவின் முன்பக்கம் ஒரு சில்லறைக் கடை இருக்கிறது, வந்து போனவர்கள் சீனியும் தேயிலையும் வாங்க வந்தவர்கள் என்பதும் எழுதப்படவில்லை. இதை எடுத்துக் காட்டச் சட்டத்தரணி கடதாசிக்குப் பின்னால் போக வேண்டும், குறிப்பேடு கேட்க வேண்டும், சிலவேளை எழுதியவரையே குறுக்குவிசாரணை செய்ய அனுமதி கேட்க வேண்டும்.

முதலாவதைப் போதாமை எதிர்ப்பு என்றும் இரண்டாவதைப் பொருந்தாமை எதிர்ப்பு என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. எழுதியது போதாது, எழுதியது நடந்ததோடு பொருந்தாது. பேச்சில் நாங்கள் ‘காணாது’ என்றுதான் சொல்வோம், ஆனால் ‘காணாமை’ என்று சொல் ஆக்கினால் இந்த மண்ணில் அது வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால் அதைத் தொடவில்லை.

இதோடு சேர்ந்த சில சொற்கள். பொருந்தாத வரிகளை நீதிபதி வெட்டிவிட்டு வாசிப்பார். நல்லெண்ணத்தோடு விட்ட சிறு தவறு என்றால், புதிய சாட்சியத்தால் அதைத் திருத்தி நிரப்ப அரச தரப்புக்கு இடம் உண்டு. 2000ஆம் ஆண்டின் அரௌஹோ தீர்ப்பு அந்த இடத்தை எவ்வளவு ஒடுக்கமாக வைக்க வேண்டும் என்று சொல்கிறது. பட்டியலில் இவை ‘அறுவை’ (excision), ‘பெருக்கம்’ (amplification) என்று இருக்கின்றன. ஒன்று ஆசுபத்திரி, மற்றது லவுட்ஸ்பீக்கர். வெட்டு, நிரப்பு என்று வைத்தால் போதாதா? பதரைத் தூற்றிவிட்டு மிஞ்சிய நெல் மூடைக்குக் காணுமா என்று பார்ப்பதுதான் நடக்கிறது.

அந்தக் கடைசிக் கணக்கைப் பார்க்கும் முறையை 1990இல் கரோஃபோலி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வகுத்தது. மறுபார்வை செய்யும் நீதிபதி “நான் என்றால் இந்த ஆணையைக் கொடுத்திருப்பேனா” என்று கேட்கக் கூடாது. “மிஞ்சியதை வைத்துக் கொடுத்திருக்க முடியுமா” என்றுதான் கேட்க வேண்டும். எங்கள் வினைமுற்று இந்த வித்தியாசத்தைச் சுலபமாகக் காட்டுகிறது, தனிக் கலைச்சொல் தேவையே இல்லை. மேன்முறையீடுகளில் கூடப்பேர் தோற்பதும் இந்த இடத்தில்தான். பொலிஸ்காரர் பிழை விட்டார் என்று காட்டிவிட்டால் வென்றாயிற்று என்று குடும்பம் நினைக்கிறது. பிழையை வெட்டிய பிறகும் மிச்சம் போதுமென்றால் ஆணை நிற்கும். தீர்ப்பை விளங்கப்படுத்தும்போது இதைத்தான் நான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

---

சென்னையிலிருந்து:

அக்கா, போதாமை – பொருந்தாமை காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டாவதற்கு ‘பொய்மை எதிர்ப்பு’ என்றே வைத்துவிட்டால் என்ன? பொருந்தாமை என்றால் இங்கே ஜாதகப் பொருத்தம் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் ‘தேடுதல் ஆணை’ எங்களுக்குப் புதுசு. இங்கே வீட்டில் அதிகாரிகள் நுழைந்தால் ‘சோதனை’ என்றுதான் செய்தி வரும். ‘சோதனை ஆணை’ என்று போடலாமே. ‘சத்தியக்கடதாசி’யும் அப்படித்தான், நாங்கள் ‘பிரமாணப் பத்திரம்’ என்போம்.

---

வவுனியாவிலிருந்து:

பிள்ளை, நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று. பட்டியலில் ‘சான்றை அடக்கும் மனு’ என்று இன்னொரு பதிவு இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ ‘மறைக்கும்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். சான்றை மறைப்பது குற்றம்! பிழையான வழியில் எடுத்த சான்றை ஏற்க வேண்டாம் என்று எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, சட்டத்தரணி செய்கிற முறையான விண்ணப்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் மன்றில் சிரிப்பார்கள். ‘விலக்கல்’ என்றால் பரவாயில்லை. ஆனால் ‘விதிவிலக்கு’ பக்கத்தில் வந்தால் தடுமாறும்.

இன்னொன்று, எங்கள் பழக்கம் வேறு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 1955இல் கென்யாவிலிருந்து கோமறைக் கழகத்துக்கு, அதுதான் லண்டனில் இருந்த மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு, போன குருமா வழக்கு எங்கள் காலத்தில் எல்லோருக்கும் பாடம். தேட அதிகாரமில்லாத பதவியில் இருந்த பொலிஸ்காரர் தேடி இரண்டு தோட்டா எடுத்தார். எடுத்த விதம் பிழை என்றாலும், விஷயத்தோடு தொடர்புள்ள சான்று ஏற்கப்படும் என்றார்கள். அன்று இலங்கைக்கும் மேலே இருந்தது அதே கழகம்தான்.

---

முல்லைத்தீவிலிருந்து:

ஐயா, நன்றி. குருமாவைக் கட்டாயம் சேர்க்கிறேன். இங்குள்ள குடும்பங்கள் குழம்புவதும் அதனால்தான். துவக்கு பிடிபட்டது உண்மை, அப்படியிருக்க ஆணையைப் பற்றி என்ன வழக்கு என்று கேட்கிறார்கள். கனடாவில் சாசனத்தின் 24ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறது: இந்தச் சான்றை ஏற்றால் நீதி பரிபாலனத்துக்கு இழுக்கு வருமா? 2009இல் கிரான்ட் வழக்கில் அதைப் பார்க்க மூன்று கோணம் சொன்னார்கள். பொலிஸ் மீறல் எவ்வளவு பாரதூரமானது, எதிரியின் உரிமையை அது எவ்வளவு தாக்கியது, வழக்கை அதன் உண்மையின் மேல் முடிப்பதில் சமூகத்துக்கு உள்ள அக்கறை எவ்வளவு. அந்த வழக்கில் உரிமை மீறப்பட்டது என்று சொல்லியும் துவக்கைச் சான்றாக ஏற்றார்கள். ஆக, ஆணை விழுந்தாலும் சான்று தானாக விழாது. இது இரண்டு படி என்பதைப் பட்டியலில் தெரியும்படி வைக்க வேண்டும்.

அந்த இரண்டாம் படிக்கு சான்று ஒதுக்கல் என்று எழுதுகிறேன். சான்று அழிவதில்லை, மறைவதில்லை, மன்றின் காவலிலேயே இருக்கும். தீர்ப்புக்கு மட்டும் எடுக்கப்படாது. ‘ஒதுக்கிய சான்று’, ‘ஒதுக்கல் விண்ணப்பம்’ என்று சுலபமாக வருகிறது. ‘நிதி ஒதுக்கீடு’ வேறு உருவம் என்பதால் முட்டாது.

தம்பிக்கு. ‘பொய்மை’யை நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அது பொலிஸ்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று முதலே தீர்ப்பெழுதிவிடும். கடைக்கு வந்தவர்கள் விஷயத்தில் எழுதியது பொய் இல்லை, ஆட்கள் வந்து போனது உண்மைதான். பாதியை எழுதி மீதியை விட்டதுதான் கோளாறு. 2010இல் மொரெல்லி வழக்கிலும் இதே கதை. ஒரு கணினியைத் தேட ஆணை கேட்டு எழுதிய கடதாசி முக்கியமானவற்றை விட்டுவிட்டு ஆளைத் தவறாகக் காட்டியது என்று உச்ச நீதிமன்றம் கண்டது, அங்கே சான்று ஒதுக்கப்பட்டது. இதையெல்லாம் ‘பொருந்தாமை’ தாங்கும், ‘பொய்மை’ தாங்காது. ஜாதகம் ஞாபகத்துக்கு வந்தால் வரட்டும். பொருத்தம் பார்க்கிறவனும் எழுதியதை ஆளோடு வைத்துத்தானே பார்க்கிறான்!

‘சோதனை’ மட்டும் வேண்டாம். இங்கே அது பள்ளிக்கூடப் பரீட்சை, அல்லது போர்க்காலத்து ஓமந்தைச் சோதனைச் சாவடி. ‘தேடுதல்’ நல்ல நினைவு என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றிவளைத்துத் தேடிய காலத்தை மறந்தவர் இங்கே இல்லை. ஆனால் அப்போது வாசலில் நின்றவரிடம் காட்டக் கடதாசி இருக்கவில்லை. ‘ஆணை’ என்ற பின்பாதி அந்த வித்தியாசத்தைச் சொல்கிறது. ‘பிடியாணை’ ஆளைப் பிடிக்க என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே அதன் பக்கத்தில் ‘தேடுதல் ஆணை’ பிசகில்லாமல் விளங்கும்.

சத்தியக்கடதாசியையும் விட்டுத்தர மாட்டேன். 2009இல் முடிந்த போருக்குப் பிறகு பிறப்புப் பதிவு, காணி உறுதி எல்லாம் தொலைந்த சனம் இது. சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, அவர் முத்திரை குத்தி, மை காயுமுன் மடிக்க வேண்டாம் என்று சொல்லித் தருகிற அந்தக் கடதாசியைத் தெரியாத வீடு குறைவு. பொலிஸ்காரரும் அதே மாதிரி ஒன்றைத்தான் எழுதினார் என்று சொன்னால், மேலே ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பதிப்பில் பிரமாணப் பத்திரம் என்று பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மிச்சம் இருப்பது தகவலாளி பற்றிய சொற்கள். தகவலாளியின் சொல்லை எடைபோட 1989இன் டெபோட் வழக்கு கேட்கிற மூன்றுக்கு ‘வலு, நம்பகம், ஒத்துறுதி’ (வேறு வழியாலும் உறுதிப்படுவது) என்று பட்டியலில் இருப்பது சரி. முதலாவதை மட்டும் ‘விவரச்செறிவு’ என்று மாற்றலாமோ என்று யோசிக்கிறேன், ஏனென்றால் தகவலாளி எவ்வளவு நுணுக்கமாக, எந்த வழியால் அறிந்து சொன்னார் என்பதுதான் அங்கே பார்க்கப்படுகிறது. அவருடைய அடையாளம் வெளியே வராதிருக்க அரச தரப்பு கடதாசியில் கறுப்படிக்கும் பகுதிகளுக்கு ‘மறைதிருத்தம்’ என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். திருத்தம் எதுவும் நடக்கவில்லையே, அதைக் ‘கறுப்படிப்பு’ என்றே விடுவோம். கறுப்படித்தது போக மிஞ்சியது போதாது என்று அரச தரப்பே ஒப்புக்கொண்டால், முழுக் கடதாசியையும் நீதிபதி பார்த்து, எதிரி தரப்புக்கு ஒரு சுருக்கம் மட்டும் கொடுக்கிற நடைமுறையும் கரோஃபோலியில் இருக்கிறது. அதற்கு என்னிடம் சொல் இல்லை. ‘நீதிபதிச் சுருக்கம்’ என்றால் தீர்ப்பின் சுருக்கம் போலத் தெரிகிறது. ஐயா, நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டியலை ஏற்றப் போகிறேன்.